இணையத்தில் பிள்ளைகளை யாராவது வெருட்டினால்

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோர் கவனத்திற்கு:

இணையத்தில் ஒத்த வயதுப் பிள்ளை மாதிரிப் பழகி, அந்தரங்கப் படம் ஒன்றை வாங்கியபின், "காசு தா, இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று வெருட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்பா அடிப்பார், பொலிசுக்குப் போனால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று பிள்ளை பயப்படும். அந்தப் பயம்தான் அவர்களுக்கு வசதி.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. "என்ன நடந்தாலும் ஏசமாட்டேன், என்னிட்டைச் சொல்லு" என்று பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

2. பாடசாலைப் பெயர், தங்கியிருக்கும் விலாசம் ஆகியவற்றை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

3. வெருட்டினால் காசு அனுப்பாதீர்கள், பதில் எழுதாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.

4. பொலிசுக்கு 101, உடனடி ஆபத்து என்றால் 999. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

5. பிள்ளை தானாகவே சைல்ட்லைனுக்கு 0800 1111 இல் இலவசமாகக் கதைக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் அவர்களுடைய இணையத்தளத்தில் உள்ள 'ரிப்போர்ட் ரிமூவ்' மூலம் படத்தை நீக்கக் கேட்கலாம்.

பிள்ளை பாதிக்கப்பட்டதை முறையிடுவது உங்கள் அகதி விண்ணப்பத்தை மறுக்கக் காரணமாகாது. பிழை வெருட்டியவருடையது, பிள்ளையுடையது அல்ல.