புதிதாகப் பருத்தி போடுகிறவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பற்றிச் சில சொல்கிறேன்.

1. "மருந்து அடித்து அடித்துப் புழுவுக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். பழகுவதில்லை. கூட்டத்தில் எங்கோ ஒன்றிரண்டு, தாங்கும் மரபணுவோடே பிறந்திருக்கும். மற்றவை சாக, அடுத்த தலைமுறைக்குத் தாய்தகப்பன் அவைதான். அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர் 1914-லேயே, கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குச் சாகாத செதில்பூச்சிகளைப் பற்றி எழுதினார்.

2. சாதாப் பருத்தியை ஒதுக்காதீர்கள். புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும் பி.டி. விதை 450 கிராமோடு 120 கிராம் சாதா விதைப் பொட்டலமும் வைத்துத்தான் கொடுத்தார்கள். பலர் அதை வரப்பில் எறிந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பி.டி. நஞ்சைத் தாங்கும் குணம் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுவும் சேர்ந்தால்தான் புழு பிழைக்கும். சாதாச் செடியில் வளர்ந்த அந்துப்பூச்சியோடு அது கூடினால் குஞ்சுகளுக்கு ஒன்றுதான் கிடைக்கும், பி.டி. காயைக் கடித்ததும் சாகும். சாதாச் செடியே இல்லையென்றால் பிழைத்தது பிழைத்ததோடு கூடும், பிறப்பதெல்லாம் தாங்கும். 2002-ல் வந்த ஒற்றை மரபணு ரகம் 2010-க்குள் குஜராத்தில் தோற்றது. 2006-ல் வந்த இரட்டை மரபணு ரகமும் பத்தாண்டு நிற்கவில்லை. அரிசோனா விவசாயிகள் 1996 முதல் சாதாப் பருத்தியும் சேர்த்துப் போட்டார்கள். அங்கே பத்தாண்டாகியும் எதிர்ப்பு ஏறவில்லை. பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு, 2018-ல் அமெரிக்கா அந்தப் புழுவையே ஒழித்துவிட்டதாக அறிவித்தது.

3. பி.டி. வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து மறுவருஷம் போடாதீர்கள். ஒற்றை மரபணு ரகமானால் நாலில் ஒரு விதைக்கு நஞ்சு வராது.

4. டப்பாவின் பெயரைப் பார்த்து மருந்து மாற்றாதீர்கள். உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள். சைபர்மெத்ரினும் லாம்டா சைஹாலோத்ரினும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாங்கும் புழு மற்றதையும் பெரும்பாலும் தாங்கும்.

5. இதழ் விரியாமல் ரோஜா மொட்டுப்போலத் திருகி நிற்கும் பூவைப் பிரியுங்கள். உள்ளே புழு இருக்கும். பறித்து அழியுங்கள். இனக்கவர்ச்சிப் பொறியை இப்படிப்பட்ட பூ தென்படும் முன்பே வைத்துவிட வேண்டும்.

6. கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்திமாரை விறகுக்கென்று அப்படியே அடுக்கிவிடாதீர்கள். காய்ந்த காய்க்குள் இரண்டு விதைகளை ஒட்டிப் பிணைத்து, அதற்குள் புழு சுருண்டு கிடக்கும். மருந்துக்கும் பி.டி.க்கும் தப்பிய புழு அதில் இருக்கலாம். காய்களை உதிர்த்து எரித்த பிறகு மாரை அடுக்குங்கள்.