கடன் வாங்காத கழித்தல்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். சிலர் 35 என்று எழுதுவார்கள். 2-லிருந்து 7 போகாது என்பதால், 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். உடனே நாம், "இவனுக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. பிறகு கணக்கு நோட்டைத் திறக்கவே பயம்.

நமது மாலை வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "பக்கத்துல கடன் வாங்குறோமே, அதை எப்பத் திருப்பிக் குடுப்போம்?" எங்களுக்குச் சட்டெனப் பதில் வரவில்லை. யோசித்தால், இங்கே கடனே இல்லை. அதைக் காட்டக் குச்சிகளை எடுத்தோம்.

நீங்களும் வீட்டில் செய்யலாம்:

1. ஐஸ் குச்சியோ, துடைப்பத்து ஈர்க்குச்சியோ 52 எடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி.

2. அதிலிருந்து 27 குச்சி கேளுங்கள். உதிரி ஏழு வேண்டும், இருப்பதோ இரண்டு. "என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். பெரும்பாலும் பிள்ளையே ஒரு கட்டை அவிழ்க்கும்.

3. இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. மொத்தம் அதே 52. ஏழு உதிரியும் இரண்டு கட்டும் கொடுத்தால் மீதி 25.

4. கொடுத்த 27-ஐ மீண்டும் சேர்க்கச் சொல்லுங்கள். உதிரி பன்னிரண்டாகும், அதில் பத்தை மறுபடி கட்ட வேண்டும். கூட்டலில் 'கையில் ஒன்று' என்பது இதுதான்.

சில நாள் குச்சி. பிறகு நோட்டில் கட்டையும் உதிரியையும் படமாக வரையட்டும். கடைசியில் எண் மட்டும். அவசரப்பட்டு நடுப்படியைத் தாண்ட வேண்டாம். பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்துக் கடை விளையாட்டும் நடத்தலாம்.

"படிக்க அனுப்பினால் விளையாடுகிறார்களே" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்பாடு வழியாகத்தான் கணக்கு கற்பிக்கிறார்கள். கையால் தொட்டு அறிந்தது எளிதில் மறக்காது.

கேள்வி கேட்ட சிறுமி இப்போது தம்பிக்குக் கட்டு அவிழ்த்துக் காட்டுகிறாள். இன்றிரவு உங்கள் வீட்டிலும் ஒரு கட்டை அவிழ்த்துப் பாருங்கள்.