மியூனிக்கா, கெம்னிட்ஸா?

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் தேடுகிறவர்கள் பல்கலைக்கழகத் தரவரிசையைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். அந்த ஊரில் வாடகை எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். மாதச் செலவின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போடும் 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். கட்டாய மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 145 போய்விடும். அதுவும் 30 வயதுக்குட்பட்ட மாணவருக்கான கட்டணம். வயது தாண்டினால் இன்னும் கூடும். மியூனிக்கில் நாலு பேர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ ஆகும். மிச்சத்தில் சாப்பிட்டு முடிப்பது கஷ்டம். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்குப் பக்கத்து ஊர்களில் 300 யூரோவை ஒட்டி அறை கிடைக்கிறது. ஆல்டி, லிடில் போன்ற மலிவுக் கடைகளில் எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினாலும் இந்த 400 யூரோ வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க முடியாது.

‘பெரிய ஊரில்தான் பகுதிநேர வேலை கிடைக்கும்’ என்பார்கள். பாதி உண்மை. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. அந்த 400 யூரோவைச் சம்பாதிக்க மாதம் கிட்டத்தட்ட 29 மணி நேரம் உழைக்க வேண்டும். ஜெர்மன் பேச வராத முதல் செமஸ்டரில் அந்த வேலை அமையும் என்று நம்பிப் போவது சூதாட்டம். படிப்புக்குப் பொருந்திய நல்ல வேலைகள் மியூனிக், ஸ்டுட்கார்ட் பக்கம் அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவை தேவைப்படுவது மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான். கையிருப்பு குறைவானவர்கள் சின்ன ஊரில் தொடங்கி, இன்டர்ன்ஷிப்புக்கோ ஆய்வேட்டுக்கோ பெரிய ஊருக்குப் போகலாம் என்பதே என் கட்சி.

‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். மாதத்துக்கு 250 என்று அதையும் வாடகையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

ஊர் முடிவானால் அடுத்தது அறை. மாணவர் நலக் கழகம் நடத்தும் விடுதியா, ‘வேகே’ என்கிற பகிர்வு வீடா? கிடைத்தால் விடுதிதான். பெரும்பாலும் ஹீட்டர், கரண்ட், இன்டர்நெட் எல்லாம் அடங்கிய ஒரே தொகை. ஆனால் காத்திருப்புப் பட்டியல் நீளம். சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல், விதி அனுமதித்தால் அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

வேகே விளம்பரத்தில் பார்க்க வேண்டியது ‘வார்ம்’ வாடகை. ‘கால்ட்’ என்றிருந்தால் ஹீட்டர் செலவு தனி. மாதாமாதம் முன்பணம் கட்டியிருந்தாலும், ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது பாக்கி கேட்டு ஒரு கடிதம் வரலாம். டெபாசிட்டுக்கு மூன்று மாத கால்ட் வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வேகேக்கு ஒரு சின்ன லாபமும் உண்டு. வானொலி, தொலைக்காட்சிக்கான மாதக் கட்டணமான 18.36 யூரோ வீட்டுக்கு ஒன்று என்பதால், மூன்று பேர் இருந்தால் தலைக்கு 6.12தான். டிவி இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், முதலில் பணம் அனுப்பு என்பவர் மோசடிக்காரர். சில மாதத்துக்கு மட்டும் உள்வாடகைக்கு எடுத்தாலும், முகவரிப் பதிவுக்கான வீட்டுக்காரர் சான்றிதழ் தருவார்களா என்று கேளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். குடியிருப்பு அனுமதிக்கு அந்தப் பதிவு அவசியம். தரமாட்டேன் என்றால், நூறு யூரோ மலிவாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம்.