டான்சில் இல்லாத பிள்ளை

அன்பு மகளே,

நேற்றிரவு நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வரன் கூடிவருகிற நேரத்தில் தம்பிக்கு உள்ள நோயை நீயும் சுமக்கிறாயா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டுமா, பேசாமல் இருந்துவிடட்டுமா என்று கேட்டாய். வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று உன் அம்மா பயப்படுகிறாள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் செய்துகொள் என்றுதான் சொல்வேன்.

உனக்கு ஒரு அண்ணன் இருந்தான், என் பிள்ளை. நீ பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பு, 1989-ல், மூன்று வயதில் போய்விட்டான். ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை. கருவிலிருக்கும்போது என்னிடமிருந்து அவனுக்குப் போன எதிர்ப்புப் புரதம் அதுவரைதான் தாங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு காதில் சீழ், நெஞ்சில் சளி, மறுபடி காதில் சீழ். ஒரு டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, "டான்சில் தொந்தரவே இல்லை, சுத்தமா இருக்கு" என்றார். சுத்தமாகத்தான் இருந்தது. டான்சிலே இல்லை. பி செல்கள் இல்லாத உடம்பில் அது வளராது. நோயின் அடையாளமே அதுதான். மூன்றாவது நிமோனியாவில் அவன் போனான். 'பிள்ளை தங்காத வயிறு' என்ற பேர் எனக்கு மிஞ்சியது.

அமெரிக்காவில் ஆக்டன் புரூட்டன் என்ற ராணுவ மருத்துவர், அடிக்கடி காய்ச்சலில் விழுந்த எட்டு வயதுப் பையன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் இல்லை என்று 1952-லேயே எழுதிவிட்டார். வெளியிலிருந்து அதை ஊசியாகச் செலுத்தியதும் பையன் தேறினான். இந்த நோய்க்குக் காரணமான மரபணு 1993-ல் அகப்பட்டது. புரூட்டன் பெயரையே வைத்து அதை பி.டி.கே. என்கிறார்கள்.

அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் பி செல் முதிர, அந்த மரபணு தரும் நொதி வேண்டும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பிழை என்றால் கைகொடுக்க இன்னொன்று கிடையாது. நமக்கு இரண்டு. ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை மூடிவைத்துவிடும். பிழையுள்ளதைத் திறந்துவைத்த பி செல்கள் தலையெடுக்காது. நல்லதைத் திறந்தவை மட்டும் வளரும். அதனால்தான் நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் அறியாமல் வளர்ந்தோம். தன் தம்பிகள் இருவர் கைக்குழந்தையிலேயே 'மாந்தத்தில்' போனார்கள் என்று உன் பாட்டி சொல்வாள். இப்போது எனக்கு வேறு சந்தேகம்.

உன் தம்பிக்கு நோய் தெரிந்தபோது, "சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்று ஊரே சொன்னது. உன் அம்மா மாமன் மகனைக் கட்டினாள், சரி. நான் அசலில்தானே கட்டினேன்? என் பிள்ளைக்கும் அதேதான் வந்தது. எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் மரபணுக்கள் 400-க்கு மேல் உண்டு. அவற்றில் பலவற்றுக்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வரவேண்டும். அங்கே சொந்தக் கல்யாணம் ஆபத்தைக் கூட்டும். நம் வீட்டு நோய்க்கு அது காரணமே இல்லை. உன் அப்பாவுக்கும் இதில் பங்கில்லை. பெற்றவள் தெரிந்து செய்ததும் எதுவுமில்லை.

இனி உன் விஷயம். அம்மாவிடமிருந்து அந்தப் பிழை உனக்கு வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. வரவில்லை என்றால் உன் கிளையில் அது முடிந்தது. வந்திருந்தால், உனக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண்ணும் உன்னைப்போல் அதைச் சுமக்க பாதி வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது என்ற கணக்கு செல்லாது.

அப்படியே பையனுக்கு இருந்தாலும், பிறந்த உடனே ரத்தத்தில் பி செல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். போலியோ சொட்டு மருந்து கொடுக்காமல் காப்பாற்றலாம். அதிலிருப்பது உயிருள்ள கிருமி. முதல் நிமோனியாவுக்கு முன்பே இம்யூனோகுளோபுலின் தொடங்கலாம். உன் தம்பியைப் பார். நாலு வாரத்துக்கு ஒருமுறை முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்து அவனுக்கு ஏறுகிறது. செலவு உண்டு, அலைச்சல் உண்டு. ஆனால் காலேஜுக்குப் போகிறான், பைக் கேட்டுச் சண்டை போடுகிறான். என் பிள்ளைக்கும் அவனுக்கும் ஒரே நோய். ஒருவனுக்குத் தெரிந்தது, ஒருவனுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முடிவு எப்படி வந்தாலும், பந்தக்கால் நடுவதற்கு முன் மாப்பிள்ளையிடம் நீயே சொல். தரகர் வாயிலாகப் போகவேண்டாம். கேட்டுவிட்டு அவர் விலகினால் அழு, நானும் உன்னோடு அழுகிறேன். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மறைத்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்லும் நிலை உனக்கு வரக்கூடாது.

வருகிற புதன்கிழமை தம்பிக்கு மருந்து ஏற்றும் நாள். நானும் வருகிறேன். அவனுடைய பிழை மரபணுவில் எந்த இடத்தில் என்று தெரிந்தால், உன் ரத்தத்தில் அதே இடத்தைப் பார்த்தால் போதும். அவன் பழைய மரபணு ரிப்போர்ட் பீரோவில் இருக்கும். மறக்காமல் பையில் எடுத்து வை.

உன்
பெரியம்மா