குறைந்த செலவில் ஒரு டிராக் கார்: முதல் காசு எதுக்கு?



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்ககிட்ட ஒரு பழைய கார் இருக்கு. வீட்டோட ஒட்டின ஒரு கராஜ் இருக்கு. நாலு மாசம் நேரம் இருக்கு. பணம் மட்டும் கம்மி. இந்தக் காரை டிராக் ரேஸுக்குத் தயார் பண்ணணும்னா முதல் செலவு எதுக்குப் பண்ணுவீங்க?

நம்ம ஹாஸ்டல்ல கேட்டா "டர்போ மச்சி" என்றுதான் பதில் வரும். ஆனா கணக்கு போட்டுப் பார்த்தா பவர் கடைசி இடத்துக்குப் போயிடுது. எப்படின்னு இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இதுக்கு முதல் வருஷ ஃபிசிக்ஸே போதும்.

அமெரிக்கக் குளிர்காலமும் கராஜும்

டிராக் ரேஸ்ல வளைவே கிடையாது. ரெண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் ஓடும். தெருவில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த அமெரிக்க இளைஞர்களை முறையான டிராக்குக்குக் கொண்டுவர வாலி பார்க்ஸ் 1951இல் தொடங்கிய அமைப்புதான் என்எச்ஆர்ஏ. இன்றைக்கும் அங்கே பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படை அவங்க விதிப்புத்தகம்தான்.

அமெரிக்காவின் வட மாநிலங்களில் இலையுதிர் காலத்தோட சீசன் முடிஞ்சிடும். பனி ஒரு பக்கம், குளிர்ந்த தரையில் ரப்பர் பிடிக்காதது இன்னொரு பக்கம். அதனால நவம்பரிலிருந்து மார்ச் வரை கார் கராஜுக்குள்ளேயே இருக்கும். வார இறுதிகளில் கொஞ்சம் கொஞ்சமா வேலை நடக்கும்.

நாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங். 'ஃபாக்ஸ் பாடி' என்று சொல்வார்கள். கையைக் கடிக்காத டிராக் கார் என்றாலே அங்கே நிறைய பேருக்கு ஞாபகம் வர்ற கார் இது. பின்சக்கர டிரைவ், எடை குறைவு, உதிரிபாகம் எங்கேயும் கிடைக்கும். 1987இல் வந்த 5.0 வி8 இன்ஜினுக்கு 225 ஹார்ஸ்பவர், அதாவது சுமார் 168 கிலோவாட். டிரைவரோட சேர்த்து நிறை 1450 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு என்ன சொல்லுது?

இன்ஜின் தன் முழு பவரையும் ஒரு துளி வீணாகாம காருக்குக் கொடுக்குதுன்னு வைங்க. அப்போ,

பவர் × நேரம் = ½ × நிறை × வேகம்²

அதாவது வேகம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். இதை இன்டக்ரேட் பண்ணி தூரத்தைக் கண்டுபிடிச்சு, நேரத்தைத் தனியா எடுத்தா கிடைப்பது:

நேரம் = (1.5 × தூரம்) இன் 2/3 அடுக்கு × (நிறை ÷ இருமடங்கு பவர்) இன் கனமூலம்

402 மீட்டருக்கு முதல் பகுதி சுமார் 71.4. நம்ம மஸ்டாங்குக்கு ரெண்டாவது பகுதி 0.163. பெருக்கினா 11.6 செகண்ட். ஆனா கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டினா இந்தக் கார் 14 செகண்டுக்குக் கொஞ்சம் மேலேதான் எடுக்கும்.

இதிலிருந்து ரெண்டு பாடம். ஒண்ணு, அந்த இரண்டரை செகண்ட் இடைவெளி. டயர் வழுக்குவது, கியர் மாற்றும் நேரம், கியர்பாக்ஸ் உராய்வு, காற்றின் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து தின்ற நேரம் அது. இன்ஜினைத் தொடாமலேயே இதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கலாம்.

ரெண்டாவது, அந்தக் கனமூலம். நேரத்தைப் பாதியாக்கணும்னா பவர் எட்டு மடங்கு வேணும். வெறும் 10 சதவீதம் குறைக்கவே பவரை 37 சதவீதம் ஏத்தணும். அதாவது 225 ஹார்ஸ்பவர் 309 ஆகணும். பட்ஜெட் மொத்தமும் அங்கேயே கரைஞ்சிடும். அப்படி வாங்கின பவரும் டயர் பிடிக்கலைன்னா புகையாத்தான் போகும்.

செலவு வரிசை

முதலில் உயிர். என்எச்ஆர்ஏ விதிப்படி கால் மைலை 13.99 செகண்ட் அல்லது அதற்குக் குறைவாக ஓடும் காரில் ஹெல்மெட் கட்டாயம். இந்த மாதிரி பழைய கார் 11.49க்கு வந்துட்டா ரோல் பார் வேணும். 9.99க்கு வந்துட்டா முழு ரோல் கேஜ் வேணும். வேகம் கூடக்கூட விதியும் செலவும் கூடும். அதனால எந்த நேரத்தைக் குறிவைக்கிறோம்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க. முதல் கார் 13 செகண்ட் பக்கம் ஓடினா போதும். ரோல் கேஜ் காசு மிச்சம், நீங்களும் பத்திரம்.

ரெண்டாவது பிடிப்பு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது காரைத் தள்ளுவது பின்டயருக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் உராய்வுதான். மஸ்டாங்குக்கு மூக்கு கனம். பின்சக்கரத்தில் 43 சதவீத எடைதான் இருக்குன்னு வைங்க. ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், சக்கர இடைவெளி 2.55 மீட்டர். உராய்வுக் குணகம் 0.9 உள்ள சாதா டயரில், கிளம்பும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்தால்கூட, 0.47 ஜி முடுக்கம்தான் வரும். குணகம் 1.4 உள்ள டிராக் ரேடியல் டயர் போட்டா 0.83 ஜி. முதல் 60 அடியைக் கடக்கும் நேரம் கணக்குப்படி 2.8 செகண்டிலிருந்து 2.1க்கு இறங்குது. இன்ஜினும் கியரும் ஒரு கட்டத்தில் தடுப்பதால் நிஜத்தில் முழுசா கிடைக்காது. பாதி கிடைச்சாலே பெரிய விஷயம். ஒரு ஜோடி டயர் தர்ற லாபம் இது.

மூணாவது எடை. பின் சீட், பயணி சீட், ஸ்பேர் டயர், கார்பெட், ஏசி கம்ப்ரஸர், கண்டென்ஸர் எல்லாம் கழட்டி 90 கிலோ குறைச்சீங்கன்னா, அதே சூத்திரப்படி 0.3 செகண்ட் மிச்சம். செலவு பூஜ்யம். கழட்டினதை வித்தா டயருக்கே காசு தேறும். பேட்டரியை முன்னாடியிலிருந்து டிக்கிக்கு மாத்தினா மொத்த எடை குறையாது, ஆனா பின்சக்கரத்துக்குப் பாரம் கூடும். அப்படி மாத்தினா வெளியிலிருந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச் காரின் பின்புறம் இருக்கணும் என்பதும் விதி. எடை குறைக்கிறேன்னு பிரேக்கிலும் சீட் பெல்ட்டிலும் கை வைக்காதீங்க.

நாலாவது கியர். பின் ஆக்ஸில் விகிதம் 3.08 என்பதை 3.73 ஆக மாத்தினா, அதே இன்ஜின் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்கு 21 சதவீதம் கூடுதல் விசை தரும்.

இதெல்லாம் முடிச்சு காசு மிஞ்சினா, அப்போ டர்போ பற்றிப் பேசலாம்.

மெதுவான கார் ஜெயிக்குமா?

ஜெயிக்கும். அதுக்குத்தான் பிராக்கெட் ரேஸிங். ஓட்டத்துக்கு முன்னாடியே உங்க கார் எவ்வளவு நேரம் எடுக்கும்னு நீங்களே சொல்லணும். அதுக்கு டயல்-இன் என்று பேர். நீங்க 14.20, எதிராளி 11.50 என்றால் உங்களுக்கு 2.70 செகண்ட் முன்னாடியே பச்சை விளக்கு எரியும். சொன்ன நேரத்தைவிட வேகமா ஓடிட்டா 'பிரேக் அவுட்', அதுவும் தோல்விதான்.

பச்சைக்கு அப்புறம் நீங்க கிளம்ப 0.050 எடுத்து 14.23 ஓடுறீங்க. சொன்னதைவிட 0.03 அதிகம், மொத்த நஷ்டம் 0.08. எதிராளி 0.120 எடுத்து 11.52 ஓடுறார். அவர் நஷ்டம் 0.14. கோட்டை முதலில் தாண்டுறது உங்க பழைய மஸ்டாங்! வேகத்தைவிட, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஓடுவதுதான் இங்கே ஜெயிக்கிறது. அந்த ஒழுங்கைக் கடையில் விலைக்கு வாங்க முடியாது, பிராக்டிஸ்லதான் வரும்.

நாலு மாச அட்டவணை

நவம்பர்: கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜின் ஆரோக்கியமா இருக்கான்னு தெரிஞ்சபிறகே மற்ற செலவு. கழட்டும் ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து, போல்ட்டுகளைப் பையில் போட்டுப் பேர் எழுதுங்க.

டிசம்பர்: பிரேக், பெட்ரோல் குழாய், வீல் பேரிங், தேய்ஞ்ச புஷ்கள்.

ஜனவரி: பின் ஆக்ஸில், சஸ்பென்ஷன் ஆர்ம்கள், டயர்.

பிப்ரவரி: வயரிங், ஆயில், கூலன்ட். மார்ச்சில் விதிப்புத்தகத்தைப் பக்கத்தில் வெச்சு ஒவ்வொண்ணா சரிபார்ப்பு. டிராக் திறந்ததும் டெஸ்ட் ரன். ஒரு ரன்னுக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாமலே போயிடும்.

கராஜ்ல மூணு விஷயம் மறக்கக் கூடாது. வெறும் ஜாக்கை நம்பி காருக்குக் கீழே போகாதீங்க. ஜாக் ஸ்டாண்ட் போட்டு ஆட்டிப் பார்த்துட்டுத்தான் போகணும். குளிருக்குக் கதவை மூடிக்கிட்டு இன்ஜினை ஓட விடாதீங்க. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தலை சுத்தும்போது எழுந்து போகத் தெம்பும் இருக்காது. பெட்ரோல் குழாய் கழட்டும்போது தீ எரியும் ஹீட்டர் பக்கத்தில் இருக்கவே கூடாது.

இது நமக்கு எதுக்கு?

நாம் மஸ்டாங் வாங்கப் போறதில்லை. ஆனா பாஹா, ஃபார்முலா ஸ்டூடண்ட் டீம்களில் இருக்கும் நண்பர்களுக்கும் இதே கேள்விதான்: இருக்கிற காசில் முதலில் எது? கணக்கு போட்டுட்டு வாங்குங்க.

இன்னொண்ணு. இதைப் படிச்சுட்டு ராத்திரி ஈசிஆர்ல கை அரிக்க வேண்டாம். பொதுச்சாலையில் அனுமதியில்லாம பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியம், எதிரே வர்ற குடும்பம் உங்க பந்தயத்துக்குப் பேர் கொடுக்கலை. வாலி பார்க்ஸ் தலைமுறை தெருவை விட்டு டிராக்குக்குப் போனதுக்கும் காரணம் இதுதானே!

கடைசியா ஒரு ஹோம்வொர்க். பைக்கும் ஓட்டுறவரும் சேர்ந்து 220 கிலோ, பவர் 13 கிலோவாட். நம்ம சூத்திரம் கால் மைலுக்கு 14.5 செகண்ட் என்று சொல்லும். முடிவில் வேகம் 1.5 × தூரம் ÷ நேரம், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். அந்த பவர் உள்ள பைக் அவ்வளவு வேகம் போகவே போகாது. அப்போ சூத்திரத்தில் எதை விட்டுட்டோம்? விடையைக் கண்டுபிடிச்சு, அந்த விசையையும் சேர்த்து ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பாருங்க நண்பர்களே.