ஓவன் பிசுக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓவனின் உட்சுவரில் பழுப்பாகப் படிந்திருப்பது வெறும் எண்ணெய் அல்ல. திரும்பத் திரும்பச் சூடேறும்போது எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான பூச்சாகிவிடுகின்றன. இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும்போது வேண்டுமென்றே செய்வது இதைத்தான். பாத்திரம் கழுவும் சோப்பு நேற்றைய பிசுக்கை எடுக்கும். மாதக்கணக்கில் வெந்து இறுகிய பூச்சை அசைக்காது. வீட்டுக்கு வீடு ஒரு கைவைத்தியம் முளைப்பது இதனால்தான்.

அவற்றுள் முதலிடம் ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுவதற்கு. பொங்கும் நுரை அழுக்கைப் பிய்த்து எடுக்கும் என்று நம்பப்படுகிறது. பொங்குவது வெறும் கரியமில வாயு. அது அடங்கிய பின் கிண்ணத்தில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதில் காரத்தின் வலுவும் இல்லை, அமிலத்தின் வலுவும் இல்லை. பிசுக்கை உடைக்கக் காரம் வேண்டும். தண்ணீரின் சுண்ணக் கறையைக் கரைக்க அமிலம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் இரண்டும் வீண்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இதை விளக்கத் தோல் பதனிடும் டேனரியின் வேலை வரிசையே போதும். உப்பு போட்டு வந்த பச்சைத்தோலை ஊறவைத்து, பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் போடுகிறார்கள். பி.எச். அளவு 12-ஐ ஒட்டி நிற்கும் அந்த நீரில் மயிர் கழன்று போகிறது. கொழுப்பில் ஒரு பகுதி சோப்பாக மாறிவிடுகிறது. சுண்ணாம்பை நீக்கி நன்றாக அலசிய பிறகுதான் அமிலமும் உப்பும் சேர்ந்த தொட்டிக்குத் தோல் போகும். சுண்ணாம்பு நீரிலேயே அமிலத்தை ஊற்ற எந்த மேஸ்திரியும் விடமாட்டார். வேலை கெடுவது ஒருபுறம். சல்ஃபைடிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஆளையே சாய்த்துவிடும். அடுப்படியில் சல்ஃபைடு கிடையாது. ஆனால் பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். அவை சேர்ந்தால் வருவது குளோரின். ஆசிட்டுக்குப் பதில் வினிகர் என்றாலும் வருவது அதுதான். ஓவனுக்குள் பிளீச்சிங் பவுடருக்கும் கழிவறை ஆசிட்டுக்கும் வேலையே இல்லை.

ஆப்ப சோடாவைத் தனியாகக் குழைத்துப் பூசுவது நல்ல பழக்கம், அதிசய மருந்து அல்ல. அதன் பி.எச். 8-க்குச் சற்று மேல்; கொழுப்பைச் சோப்பாக்க அது போதாது. இரவு முழுக்க ஈரம் காயாமல் பூச்சை ஊறவைப்பதும், காலையில் துடைக்கும்போது மென்மையாக உராய்வதுமே அதன் பயன். சலவைச் சோடாவின் பி.எச். 11 அளவில் இருப்பதால் பிடிவாதமான பிசுக்குக்கு அது மேல்.

காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர்கள் இவை எல்லாவற்றையும்விட வலுவானவை. ‘வலுவானது எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்று நினைப்பதில்தான் ஆபத்து. அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துத் தின்னும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சலவைச் சோடாகூட அலுமினியத் தட்டைக் கருக்கடிக்கும். சிறிய ஓ.டி.ஜி. (ஓவன்-டோஸ்டர்-கிரில்) ஓவன்கள் பலவற்றில் உட்சுவர்த் தகடே அலுமினியமோ துத்தநாகமோ பூசியது. எனாமல் சுவருக்கும் எவர்சில்வர் கம்பித் தட்டுக்கும் மட்டுமே காஸ்டிக். ஹீட்டர் கம்பியிலும் கதவின் ரப்பர் விளிம்பிலும் படக்கூடாது. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, ஓவன் ஆறிய பிறகே பூச வேண்டும். தோலில் பட்டால் எலுமிச்சை தேய்த்து முறிக்கலாம் என்பது தவறு. ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவதே முதலுதவி. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும்.

காலி ஓவனை முழுச் சூட்டில் ஓடவிட்டால் அழுக்கு தானே எரிந்துவிடும் என்பார்கள். அப்படித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன்கள் 480 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி அழுக்கைச் சாம்பலாக்குபவை. ஓ.டி.ஜி.யின் உச்சம் பெரும்பாலும் 250 டிகிரி. அந்தச் சூட்டில் பிசுக்கு புகையும், மேலும் இறுகும், அவ்வளவே.

ஜவ்வாது மலை அடிவாரத்து ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச்சந்தை கூடும். இறைச்சிக்குக் குறைவில்லாத வட்டாரம். மட்டனை கிரில் செய்த மறுநாள் அடித்தட்டை இழுத்துப் பார்த்தால், மஞ்சள் கரை கட்டி உறைந்த வெள்ளைக் கொழுப்பும் அதில் ஒட்டிய கருகிய வெங்காயத் துணுக்கும் இருக்கும். இதைப் பச்சைத்தண்ணீரில் தேய்ப்பது வெட்டிவேலை. ஆட்டுக்கொழுப்பு இளக 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஓவனைச் சில நிமிடம் இளஞ்சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்துச் செய்தித்தாளில் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்குச் சோப்பும் வெந்நீரும். வழித்ததைச் சிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள் போய் உறையும். கம்பி நார் வேகமாகத் தேய்க்கும் என்பது உண்மைதான். எனாமலில் கீறல் விழுந்தால் அடுத்த பிசுக்கு அங்கேதான் பிடிக்கும் என்பதும் உண்மை.

மைக்ரோவேவில் எலுமிச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அதன் அமில ஆவி அழுக்கைக் கரைக்கும் என்பதில் பாதிதான் சரி. சிட்ரிக் அமிலம் ஆவியாகாது; மேலே எழுவது நீராவியும் தோலின் மணமும். இளக்குவது நீராவி. வெறும் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும், ஆனால் வழுவழுப்பான கிண்ணத்தில் கொதிநிலையைத் தாண்டியும் சலனமில்லாமல் நின்று, கை பட்டதும் சீறித் தெறிக்கக்கூடும். ஒரு மரக்கரண்டியைப் போட்டுவைத்தால் அந்தப் பயம் குறையும். உள்சுவரில் அட்டை போலத் தெரியும் அப்பிரகத் தகட்டை அழுக்கென்று பிய்த்துவிடக் கூடாது. வெளிக்கூட்டைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் இருக்கலாம்.

துடைத்துக் காய்ந்த பின் தெரியும் வெள்ளைப் படலத்தை ‘சோடா போகவில்லை’ என்று மறுபடி மறுபடி கழுவுபவர்கள் உண்டு. பல நேரம் அது கழுவிய தண்ணீரின் உப்பு. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை. பாலாற்றுப் படுகையில் டேனரிக் கழிவு கலந்து நிலத்தடி நீர் கெட்டதால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. படலம் ஈரத்துணியிலேயே போனால் அது சோடா அல்லது சாதாரண உப்பு. போகாவிட்டால் சுண்ணப்படிவு, வினிகர் தொட்ட துணிக்கு வேலை வருவது இங்கேதான். கடைசித் துடைப்புக்கு போர்வெல் தண்ணீரை விட்டுவிட்டுக் கேன் தண்ணீரை எடுத்தால், காய்ந்த பின் புதுப் படலம் பிடிக்காது.