பூண் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை



கடையில் நான்கு கைத்தடி, இரண்டு உலக்கை வைத்து விற்பது நமக்குப் புதிதல்ல. ஸ்னூக்கர், பூல் விளையாட்டுக் கோல்களை விற்கும் கடைகளும் உண்டு. இம்மூன்றுக்கும் பொதுவான உறுப்பு பூண்.

நாங்கள் ஒரு முறை மஞ்சள் பளபளப்பைப் பார்த்து, பித்தளை என்று நம்பிக் கைத்தடிப் பூண்களை வாங்கினோம். ஐப்பசி மழை முடிவதற்குள் பூணோரத்தில் துரு இறங்கிவிட்டது. பூணின் விலை சில ரூபாய்தான். வாடிக்கையாளருக்குத் திருப்பித் தந்ததோ தடியின் முழு விலை. அன்று கற்றதை உறுப்பினர்களுக்குச் சொல்கிறோம்.

முதலாவது, காந்தம். பூணில் காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. மேலே இருப்பது வெறும் முலாம். பித்தளை, அலுமினியம், ஜெர்மன் சில்வர் ஆகியவற்றில் ஒட்டாது.

இரண்டாவது, தராசு. ஒரே அளவுள்ள பூண் அலுமினியத்தில் 10 கிராம் என்றால், இரும்பில் சுமார் 29 கிராமும் பித்தளையில் சுமார் 31 கிராமும் இருக்கும். அலுமினியத்தை எடையே காட்டிக் கொடுத்துவிடும். இரும்புக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் குறைவு. அங்கே காந்தத்தை நம்புங்கள்.

மூன்றாவது, அரம். பூணின் உட்புறத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பூணின் அடியில் மஞ்சள் தெரிந்தால் அது முலாம் பூசிய பித்தளை.

நான்காவது, மரம். மரம் மழையில் பருக்கும், கோடையில் சுருங்கும். ஈரமுள்ள மரத்தில் இறுக்கிய பூண் சித்திரையில் கழன்று விழும். நன்கு உலர்ந்த மரத்தில் பூட்டிய சரக்கையே வாங்குங்கள். உலக்கைக்கு அடி தாங்கும் இரும்புப் பூணே பொருத்தம், பித்தளை மென்மையானது. ஈரத்தைத் துடைத்து வைக்கும்படி வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

விளையாட்டுக் கோலுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஸ்னூக்கர் நம் நாட்டில் பிறந்த ஆட்டம். 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளிடையே தோன்றி, 1880களில் நமது ஊட்டி கிளப்பில் விதிகள் பெற்றது. கைவேலைப் பூல் கோல்களில் அழகுக்காக மெல்லிய வளையங்கள் பதிப்பார்கள். பூல் கோலின் மொத்த எடையே அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே வளையம் கனமானால் கோலின் சமநிலை மாறி, ஆடுபவரின் கைக்கு உடனே தெரிந்துவிடும். எடை கூடக்கூடாது என்பவருக்கு அலுமினியம். வெள்ளி நிறமும் கனமும் கேட்பவருக்கு ஜெர்மன் சில்வர்.

இங்கேதான் நமது நாணயம் சோதிக்கப்படுகிறது. ஜெர்மன் சில்வரில் வெள்ளி ஒரு குன்றிமணி அளவும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. செம்பு இருப்பதால் நாளடைவில் மங்கும். துடைத்தால் மீண்டும் மின்னும். இதை 'வெள்ளிப் பூண்' என்று சொல்லி விற்பது, தெரியாமல் சொன்னாலும் தவறான விவரமே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை முறையற்ற வணிகம் என்கிறது.

ஆகவே சரக்கு வாங்கும்போது பில்லில் உலோகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். விற்கும்போதும் அதே பெயரை எழுதிக் கொடுங்கள். கல்லாப் பெட்டிக்குள் ஒரு சிறு காந்தம் கிடக்கட்டும். எங்கள் கடையில் அன்றிலிருந்து கிடக்கிறது.